எம்.இ. நெட்வொர்க்கிங்: படித்து முடித்து 7 ஆண்டுகள் கழித்து

சென்ற மாதம் டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவதற்காக, நான் முதுநிலை படித்த கல்லூரிக்குப் போயிருந்தேன். அதே வாரத்தில், முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதியிருந்த சித்தப்பா மகள் பாளையங்கோட்டையிலிருந்து அழைத்து, "கேட் மார்க் கையில இருக்கு அண்ணா, நெட்வொர்க்கிங்ல எம்.இ. சேரட்டுமா?" என்று கேட்டாள். இந்த இரண்டும் ஒரே வாரத்தில் நடக்காமல் இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருந்தாலும் இவ்வளவு கோபத்தோடு எழுதியிருக்க மாட்டேன். 2016-இல் சேர்ந்து 2018-இல் முடித்தேன். நான்கு பருவங்கள், கடைசி இரண்டிலும் ப்ராஜெக்ட், கேட் மதிப்பெண் உள்ளவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை ஆகியவையெல்லாம் சேர நினைப்பவர்களுக்குத் தெரிந்தவைதான் என்பதால், அவற்றை விட்டுவிட்டு, அந்தப் படிப்பு இன்றுவரை என்னோடு எப்படி வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் நெட்வொர்க் லேபின் கடைசிச் சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதற்குள், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆறு சுவிட்சுகளும், நெட்வொர்க்குகளை இணைக்கும் மூன்று ரவுட்டர்களும் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஸ்டாக் ரெஜிஸ்டர் எண் வெள்ளைப் பெயின்டில் எழுதப்பட்டிருந்தது. முதல் வாரத்திலேயே அதைத் திறந்து காட்டும்படி கேட்டோம். சாவி துறைத் தலைவரின் அறையில் இருப்பதாக லேப் அசிஸ்டென்ட் சொன்னார். துறைத் தலைவரைக் கேட்டபோது, ஏதாவது ஒன்று பழுதானால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று திருப்பிக் கேட்டார். நான்கு பருவங்களில் அந்தக் கதவு இரண்டு முறை திறந்ததைப் பார்த்தேன், இரண்டும் ஆய்வுக் குழு வந்த நாட்கள். அன்றைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, விளக்குகள் எரிவதைக் காட்டிவிட்டு, மாலையில் மறுபடியும் பூட்டினார்கள். போன மாதம் போனபோது லேபை எட்டிப் பார்த்தேன். அதே அலமாரி, அதே பூட்டு, உள்ளே அதே ஒன்பது பெட்டிகள். இத்தனை ஆண்டுகளில் அந்த அறையில் படித்துப் போன மாணவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றிருக்கிறார்கள் என்பதை நினைத்தபோது, வாங்கிய டிரான்ஸ்கிரிப்டைக் கூடப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இது ஒரு பொருளின் மீதான ஏக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஸ்பானிங் ட்ரீ பற்றி எங்களுக்கு மூன்று வகுப்புகள் எடுத்தார்கள். சுவிட்சுகளுக்கிடையே வளையம் உண்டானால், எல்லாக் கணினிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) முடிவில்லாமல் சுற்றி நெட்வொர்க்கையே முடக்கிவிடும் என்பதையும், அதைத் தடுக்கக் கணினி அறிஞர் ராடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த இந்த முறையையும், கேபிள் செருகும் போர்ட் ஒன்று கவனிக்கும் நிலையில் 15 வினாடியும் கற்கும் நிலையில் 15 வினாடியும் இருந்த பிறகே பாக்கெட்டுகளைக் கடத்தத் தொடங்கும் என்பதையும் நாங்கள் தேர்வில் படம் வரைந்து எழுதி முழு மதிப்பெண் வாங்கினோம். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள், காலையில் மடிக்கணினியைச் செருகியவுடன் ஐபி முகவரி கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும், கணினி தானே வைத்துக்கொள்ளும் முகவரி வந்து நிற்கிறது, கழற்றிச் செருகினாலும் அப்படியே, சிறிது நேரம் பொறுத்து முயன்றால் கிடைக்கிறது என்று ஒரு பிரிவினர் புகார் சொன்னபோது, நான் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரில் அரை நாள் தேடிக்கொண்டிருந்தேன். சீனியர் ஒருவர் வந்து, சுவிட்சின் முன்னால் குந்தி உட்கார்ந்து, போர்ட்டின் விளக்கைப் பார்க்கச் சொன்னார். செருகியதும் அது ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது; அரை நிமிடம் கழித்துப் பச்சையானது. நான் தேர்வில் எழுதிய 15-உம் 15-உம் அதுதான். அந்த அரை நிமிடத்துக்குள் மடிக்கணினி முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடுகிறது. கணினி செருகும் போர்ட்டுகளில் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் என்ற ஒரே வரியைப் போட்டதும் புகார் நின்றது. அலமாரிக்குள் பூட்டியிருந்த சுவிட்சுகளில் ஒன்றை ஒரே ஒரு மதியம் எங்களிடம் கொடுத்திருந்தால், மூன்று வகுப்புகள் சொல்லாததை அந்த விளக்கு சொல்லியிருக்கும்.

வேலைக்குப் போன இரண்டாவது வாரத்தில் கையில் கொடுக்கப்பட்ட, சுவிட்சுக்குக் கட்டளை கொடுக்க உதவும் வெளிர்நீல கன்சோல் கேபிளை எந்தப் பக்கம் எங்கே செருகுவது, 9600 என்ற வேகத்தை எங்கே குறிப்பிடுவது என்று முதுநிலைப் பட்டதாரி ஒருவன் கேட்க நேர்ந்ததைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. டிப்ளமோ படித்துவிட்டு என்னோடு சேர்ந்த பையனுக்கு அது தெரிந்திருந்தது. அவன் படித்த பாலிடெக்னிக்கில் அலமாரிக்குப் பூட்டு இல்லை.

முதல் சம்பளத்தில் ரிச்சி தெருவுக்குப் போய், ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கழித்துக் கட்டப்பட்ட 24 போர்ட் சுவிட்ச் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் மேலுறையைக் கழற்றிக் காட்டி, மின்விசிறி சுற்றுகிறதா என்று காதை வைத்துக் கேட்கச் சொன்னார். அன்றிரவு அறையில் ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதில் செருகி, ஸ்பானிங் ட்ரீயை நிறுத்திப் பார்த்தேன். சில நொடிகளில், இணைப்புள்ள போர்ட்டுகளின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறி பிடித்ததைப் போலத் துடித்தன. மடிக்கணினியிலிருந்து சுவிட்சை எட்டவே முடியவில்லை. பாடப்புத்தகத்தில் பிராட்காஸ்ட் புயல் என்று ஒரு பத்தியில் கடந்துபோனது இதைத்தான். இரண்டு ஆண்டுப் படிப்பில் எனக்கு உரியதாக இருந்த ஒரு மாலையை, நான் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தப் படிப்பு எனக்குக் கொடுத்ததை மறைத்தால் அது நன்றி கெட்டதனம். இரண்டாம் பருவத்தில் ஒரு பேராசிரியர், சிலபஸை ஓரமாக வைத்துவிட்டு, அமெரிக்க ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட நெரிசல் கட்டுப்பாட்டுக் கட்டுரையை எங்களுக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினார். 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அங்கிருந்து 400 கஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு போகும் வேகம் வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது என்ற வரியில் நிறுத்தி, அந்த 40 பிட் என்பது எத்தனை எழுத்து என்று கேட்டார். ஐந்து எழுத்து. நடந்து போய்க் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதே மேல் என்னும் வேகம். கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில், போய்ச் சேராததை மறுபடி மறுபடி அனுப்பியதுதான் காரணம். அதன் பிறகு, கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி எனக்கு ஒரு நெறிமுறையாக மட்டும் தெரியவில்லை; முன்பின் அறியாத கோடிக்கணக்கான கணினிகள், யாரும் மேற்பார்வை பார்க்காமலே, தங்களுக்குள் விட்டுக்கொடுத்து நடந்துகொள்ளும் ஏற்பாடாகத் தெரிந்தது.

அடுத்த வாரமே அவர் எங்களை, நெட்வொர்க்கைக் கணினிக்குள் போலியாக ஓட்டிக் காட்டும் என்எஸ்-2 சிமுலேட்டரில் உட்கார வைத்தார். இரண்டு அனுப்புநர்கள், நடுவில் ஒரு குறுகிய இணைப்பு, வரிசையில் 20 பாக்கெட்டுக்கு மட்டும் இடம். ஓட்டி முடித்தால் பல்லாயிரம் வரிகள் கொண்ட ட்ரேஸ் கோப்பு கிடைக்கும். வரிசையில் சேர்ந்தால் கூட்டல் குறி, வெளியேறினால் கழித்தல் குறி, போய்ச் சேர்ந்தால் ஆர், கைவிடப்பட்டால் டி என்று ஒவ்வொரு வரியும் தொடங்கும். அதை மென்பொருளிடம் கொடுத்துப் படமாக்காமல், டி வரும் இடங்களை நாங்களே தேடி, கிராஃப் தாளில் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும் என்றார். ஒரே தடவையில் அனுப்பும் பாக்கெட்டுகள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று ஏறி, பிறகு ஒவ்வொன்றாக நிதானித்து, ஒரு பாக்கெட் தொலைந்ததும் மறுபடி ஒன்றுக்கு விழும் அந்த ரம்பப் பல்லை என் கையால் வரைந்தேன். சிமுலேட்டர் வீண் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். வரிசைக்குள் நின்று எந்தப் பாக்கெட் எந்த நொடியில் விழுகிறது என்பதை நிஜ ரவுட்டர் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. கடைசிப் பதிப்பு 2011-இல் வந்த மென்பொருளை, அதற்கு அடுத்த தலைமுறையான என்எஸ்-3 வந்து எட்டு ஆண்டுகள் ஆன பிறகும் பிடித்துக்கொண்டிருந்ததைக் கூட, அந்தக் கிராஃப் தாளுக்காக மன்னித்துவிட்டேன்.

அந்தப் பயிற்சி கைகொடுத்த நாள் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளை அலுவலகம் ஒன்றை, இணையத்தின் நடுவே போடும் தனிப்பாதையான ஜிஆர்இ டனல் வழியாகத் தலைமையகத்தோடு இணைத்திருந்தோம். அங்கே இணைப்பைச் சோதிக்கும் பிங் போகிறது, உள்நுழைவுப் பக்கம் திறக்கிறது, ஆனால் பெரிய கோப்பு எதைத் திறந்தாலும் பாதியில் நின்றுவிடுகிறது என்றார்கள். மூன்று நாட்களாக எல்லோரும் இணைய நிறுவனத்தின் மீது பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சர்வர் பக்கத்தில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தேன். இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கல் முடிந்து, சிறிய பாக்கெட்டுகளுக்குப் பதில் வந்து, அதன் பிறகு 1500 பைட் பாக்கெட் ஒன்று போகிறது, பதில் இல்லை, அதே பாக்கெட் மறுபடி, இன்னும் நீண்ட இடைவெளி விட்டு மறுபடி. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1448 பைட் தரவை பிங்கில் அனுப்பினால் பதில் வந்தது. 1472 அனுப்பினால் மௌனம். 1448-உடன், பாக்கெட்டின் முகப்பில் சேரும் தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் 1476. ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவான 1500-இல் டனல் எடுத்துக்கொள்ளும் 24 போனால் மிஞ்சுவதும் அதே 1476. பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று டனல் ரவுட்டர் சொல்லி அனுப்பிய ஐசிஎம்பி வகைச் செய்தியை (பிங்கும் அதே வகைதான்), நடுவிலிருந்த ஃபயர்வால், பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தடுக்கும் விதி ஒன்றால் விழுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் செய்திக்கு வழிவிட்டு, டனலில் எம்எஸ்எஸ் அளவை, அதாவது ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச வரம்பை, 1436 என்று அமைத்ததும், கிளை அலுவலகத்தில் கோப்புகள் திறந்தன. கருவியில் கட்டளை போடத் தெரிந்தவர்கள் அந்த அறையில் என்னைவிடக் கூடுதலாகவே இருந்தார்கள். ஆனால் பதில் வராத ஒரு பாக்கெட்டின் முன்னால் பொறுமையாக உட்கார்ந்து, அது எங்கே விழுந்திருக்கும் என்று யோசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த எம்.இ. படிப்புதான், அதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை.

ப்ராஜெக்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர், கம்பியில்லாத் தற்காலிக நெட்வொர்க்குகளுக்கான ஏஓடிவி என்ற வழிகாட்டு நெறிமுறையில் ஏதோ ஒரு திருத்தம் செய்து, பழைய கோட்டுக்கு மேலே புதிய கோடு போகும் வரைபடத்தை வைவாவில் காட்டினார்கள். நானும் அதையே செய்தேன். ஏழு ஆண்டு வேலையில் அந்த நெறிமுறையை நான் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. நெட்வொர்க்குகள் தங்களை வந்தடையும் வழியை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் நெறிமுறையான, தினமும் சந்திக்கும் பிஜிபிக்கு நாங்கள் கேட்டது ஒரே ஒரு வகுப்பு. 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்புப் பணியில் நேர்ந்த பிழையால் ஃபேஸ்புக், தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் தன் பெயர் சர்வர்களுக்கான பிஜிபி வழிகளைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமல் போனதே, அந்த பிஜிபி.

ஆகவே தங்கைக்கு என்ன சொன்னேன் என்பதற்கு வருகிறேன். மேலே எழுதியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், சேர் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பேராசிரியரின் வகுப்பு ஒன்றுக்காகவே இரண்டு ஆண்டுகளைக் கொடுக்கலாம் என்று நான் நண்பர்களிடம் சொன்னதும் உண்டு. ஆனால் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அலமாரி அங்கேயே இருக்கிறது. நான் சேர வேண்டாம் என்று சொன்னேன். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, சேர்ந்தே ஆக வேண்டுமென்றால் கவுன்சிலிங்கில் கல்லூரியைத் தேர்வதற்கு முன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சாதாரண வேலை நாளில் அங்கே போய், நெட்வொர்க் லேபைத் திறந்து காட்டச் சொல், சுவிட்ச் போர்ட்டுகளின் ஓரங்கள் செருகிச் செருகித் தேய்ந்திருக்கின்றனவா என்று பார், சாவி இன்னொரு அறையில் இருப்பதாகச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடு என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்ககிட்ட இருக்கிற அந்தப் பழைய சுவிட்ச் இன்னும் ஓடுதா அண்ணா?" என்று கேட்டாள்.

ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மேலுறையைக் கழற்றித் தூசு தட்டி, மின்விசிறிக்கு எண்ணெய் விட்டு, வெளிர்நீலக் கேபிளையும் சுருட்டி அதனோடு வைத்துக் கட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு நெல்லைக்குப் போகும் ஆம்னி பஸ்ஸில் பார்சலாகப் போட வேண்டும்.