அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பின்னதிர்வுக் கணிப்பு: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் நிலம் நடுங்கினால், அந்நாட்டின் புவியியல் ஆய்வு மையம் பொதுவாக அந்த நடுக்கத்துக்கென்றே ஒரு பின்னதிர்வுக் கணிப்பை, அதாவது அதைத் தொடர்ந்து வரக்கூடிய அதிர்வுகளைப் பற்றிய கணிப்பை, இணையத்தில் வெளியிடுகிறது. அடுத்த ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், ஓராண்டு ஆகிய நான்கு காலவரம்புகளுக்குள் எந்த அளவுள்ள அதிர்வு வருவதற்கு எத்தனை சதவீத வாய்ப்பு உண்டு, மொத்தம் எத்தனை அதிர்வுகள் வரக்கூடும் என்பதை அட்டவணையாகத் தருகிறார்கள். கட்டணம் கிடையாது.

இச்சேவையில் நான் மிகவும் மதிப்பது, இது பொய்யான ஆறுதலைத் தருவதில்லை என்பதைத்தான். 1891இல் ஜப்பானின் நோபி சமவெளியை உலுக்கிய நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகளை ஆராய்ந்த ஜப்பானிய நிலநடுக்கவியலாளர் ஒமோரி, நாள் செல்லச் செல்ல அவற்றின் எண்ணிக்கை ஒரு சீரான விகிதத்தில் குறைகிறது என்று 1894இல் காட்டினார். பத்தாம் நாளில் வருபவை, தோராயமாக முதல் நாளில் வந்தவற்றில் பத்தில் ஒரு பங்கு. குறைவது எண்ணிக்கைதான்; அபூர்வமாக வரும் ஒன்று எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு நாட்கணக்கு வரம்பு கட்டுவதில்லை. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் நடுங்கியது. பதினேழு நாள் கழித்து, மே 12 அன்று, 7.3 அளவில் வந்த பின்னதிர்வு 200க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. ஓராண்டுக்கான வாய்ப்பையும் அட்டவணையில் சேர்த்திருப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது.

தேர்தல் தோல்வி, நிறுவனச் சரிவு என எதற்கும் ‘பின்னதிர்வுகள்’ என்று எழுதும்போது, பெரியது முடிந்துவிட்டது, இனி வருவது அதன் மிச்சம் என்ற பொருளையே நாம் அச்சொல்லுக்குக் கொடுக்கிறோம். நிலம் அந்தப் பொருளுக்குக் கட்டுப்படுவதில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு நடுக்கத்தைத் தொடர்ந்து ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது வருவதற்கு ஏறத்தாழ 5 சதவீத வாய்ப்பு உண்டு. 2019 ஜூலை 4 அன்று ரிட்ஜ்கிரெஸ்ட் அருகே 6.4 அளவில் வந்ததை எல்லோரும் முதன்மை நடுக்கம் என்றார்கள், மறுநாள் 7.1 வந்தபின் அதுவே முன்னதிர்வு ஆயிற்று. 2016இல் ஜப்பானின் குமமோட்டோவிலும் ஏறத்தாழ 28 மணி நேர இடைவெளியில் இப்படியே நேர்ந்தது. அதன்பின் ஜப்பானிய வானிலை முகமை, இனி வருவது சிறியதாகவே இருக்கும் என்று மக்கள் எண்ணிவிடக் கூடாதென்பதற்காக, பெரிய நடுக்கத்துக்குப் பிந்தைய அறிவிப்புகளில் ‘பின்னதிர்வு’ என்ற சொல்லையே தவிர்க்கத் தொடங்கியது. துக்கத்துக்கு இச்சொல்லை உவமையாக்குகிறவர்கள்தான் அதைச் சரியாகக் கையாள்கிறார்கள் என்று நினைக்கிறேன்: ஒருவரை இழந்த வீட்டில் அழுகை நாளுக்கு நாள் அரிதாகிக்கொண்டே வரும், ஆனால் ஆறாம் மாதத்தில் அவருடைய பழைய சட்டை கையில் படும்போது வருவது சிறிய அழுகையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

குறைகளும் உண்டு. அட்டவணை சொல்வது அதிர்வின் அளவை. நாம் நிற்கும் இடம் எவ்வளவு குலுங்கும் என்பதை அது சொல்லாது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் 2011 பிப்ரவரியில் வந்தது, முந்தைய செப்டம்பரில் வந்த 7.1ஐவிடச் சிறியது, ஆனால் நகரத்துக்கு மிக அருகிலும் ஆழமில்லாமலும் வந்ததால் 185 பேர் இறந்தார்கள். விரிசல் விட்ட வீட்டுக்குள் இன்றிரவு படுக்கலாமா என்று கேட்பவருக்கு ‘3 சதவீதம்’ என்ற எண் போதாது. கட்டடத்தைப் பொறியாளர் பார்த்தாக வேண்டும் என்பதை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அழுத்தமாக எழுதியிருக்கலாம். தமிழில் இச்சேவை இல்லாததும் எனக்கு வருத்தமே.

இதைப் படிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கணிப்பு வெளியிடப்பட்ட தேதியையும் நேரத்தையும். இடையில் ஒரு பெரிய அதிர்வு வந்துவிட்டால் எண்கள் முழுவதும் மாறிவிடும் என்பதால், யாரோ பகிர்ந்த பழைய படத்தை வைத்து முடிவெடுக்காமல் பக்கத்தை மீண்டும் திறந்து பார்ப்பது அவசியம்.