கத்திரி வெயிலில் பின்கட்டுத் தோட்டம்: பானையா, சொட்டுநீரா, வட்டப்பாத்தியா?

சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை நீளும் கத்திரியில், காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துத் தோட்டங்களில் புதிதாக எதையும் நடுவதைவிட, இருக்கும் கொடிகளையும் கன்றுகளையும் ஆடிப்பட்டம் வரை உயிரோடு கொண்டு சேர்ப்பதே முதல் வேலையாகும். சரளை கலந்த செம்மண்ணில் ஊற்றும் நீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு விரைவில் இறங்கிவிடும் என்பதால், எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைவிட எப்படிக் கொடுக்கிறோம் என்பதே இங்கு முக்கியம்.

என் தேர்வில் பானைப் பாசனமே முன்னால் நிற்கிறது. மெருகோ வண்ணமோ பூசாத, எட்டுப் பத்து லிட்டர் கொள்ளும் மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயைச் சிரட்டையால் மூடிவிட்டால், சுற்றியுள்ள மண் காயக் காய அது பானையின் நுண்துளைகள் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறைந்துவிடும். பானையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊன்றிய பாகல், புடலை, சுரை ஆகியவற்றின் வேர்கள் நாளடைவில் பானையை வலைபோல் கவ்விக்கொள்ளும். மண்பாண்டத்துக்குப் பெயர்போன மானாமதுரை நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருப்பதால் பானைக்கு அலையவேண்டியதில்லை. வாங்கியதும் நீர் நிரப்பி நிழலில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் வெளிப்புறம் பூத்தாற்போல் ஈரம் கண்டால் அது தோதான பானை. குறையும் உண்டு. உப்புத் தண்ணீர் நாளடைவில் நுண்துளைகளை அடைத்துவிடும்; நெருக்கமாக விதைக்கும் கீரைப் பாத்திக்கு இம்முறை ஒத்துவராது; சில நாட்களுக்கு ஒருமுறை நிரப்ப ஓர் ஆளும் வேண்டும்.

இந்தக் கடைசிக் குறைதான் செட்டிநாட்டில் பெரிதாகிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயதான ஆச்சி ஒருவர் மட்டும் காக்கும் வீட்டில், பின்கட்டுக் கிணற்றிலிருந்து குடம் சுமந்து பானைகளை நிரப்பச் சொல்வது நியாயமில்லை. அங்கே மேல்நிலைத் தொட்டியோடு இணைத்த சொட்டுநீர்க் குழாய்தான் சரி. மணிக்கு நான்கு லிட்டர் விடும் சொட்டுவான், காலையில் ஒரு மணி நேரம் திறந்தால் ஒரு கத்தரிச் செடிக்குப் போதுமான நீரைக் கொடுத்துவிடும். ஆனால் வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் தேங்கிய நீர் கொதிப்பேறி வேரைத் தாக்கக்கூடும் என்பதால், விடியலிலேயே திறந்துவிடவேண்டும். குழாயின் மேல் சருகு பரப்புவது இன்னும் நல்லது. வடிகட்டி வைக்காத ஆழ்குழாய்க் கிணற்று நீரால் சொட்டுவான் அடைபடும், அணில் கடிக்கும். அரசு தரும் 100 சதவீத மானியம் சிறு, குறு விவசாயிகளின் நிலத்துக்கானதே தவிர, வீட்டுக் கொல்லைக்கு அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

வட்டப்பாத்தி, வளர்ந்த மாவுக்கும் தென்னைக்கும் மட்டும்தான். மாமரத்தின் அடித்தூரில் நீரைக் கொட்டுவதில் பயனில்லை. நீரை உறிஞ்சும் வேர்கள் கிளை நுனிக்கு நேர் கீழே பரவியிருக்கும் இடத்தில்தான் பாத்தி அமையவேண்டும். தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரத்தில் பாத்தி எடுத்து, நூறு தேங்காய் மட்டைகளைக் குவிந்த முதுகு மேலே பார்க்கும்படி அடுக்குவது வழக்கமான பரிந்துரை. அதே மட்டையைக் குழியில் புதைப்பதானால், நீர் தங்குவதற்காகக் குழிந்த பக்கம் மேலே பார்க்கவேண்டும். பலர் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள்.

நிழல்வலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாற்றங்காலுக்கும், வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது பூ உதிர்க்கும் தக்காளிக்கும் 50 சதவீத நிழல் தரும் வலை உதவும். கொடிகளுக்கு அந்தச் செலவு வீண். அந்தப் பணத்தில் வைக்கோலோ கடலைத் தொலியோ வாங்கி மூடாக்கு இடலாம். ஆனால் செம்மண்ணில் கறையான் ஏறும் என்பதால், தண்டிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டே பரப்பவேண்டும்.

பானை நிரப்ப வீட்டில் ஆள் இருந்தால் கொடிகளுக்கும் எலுமிச்சை, கொய்யா, மாதுளைக் கன்றுகளுக்கும் பானையையே வையுங்கள். கத்தரி, மிளகாய் வரிசைக்கு மட்டும் சொட்டுநீர் போதும். பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தால், கோடையில் காய்கறியை விட்டுவிட்டு, பழமரங்களுக்கு மட்டும் வாரம் ஒருமுறை வட்டப்பாத்தியில் நீர் விடப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைப்பதே நடக்கக்கூடிய ஏற்பாடு.