மிளகின் வலப்பக்க விறைப்பும் ஆறு தனி வகுப்புகளும்

எங்கள் மட்டக்குதிரையின் பெயர் மிளகு. வெள்ளை உடம்பில் மிளகைத் தூவியதுபோல் புள்ளிகள் இருப்பதால் என் மகள் வைத்த பெயர் அது. வெல்ஷ் இனத்தின் 'பி' பிரிவைச் சேர்ந்தது. உயரம் 127 சென்டிமீட்டர், வயது 12. இடப்பக்கமாகச் சுற்றும்போது அழகாக வளைந்து ஓடும் மிளகு, வலப்பக்கம் திரும்பினால் மட்டும் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு, வலத்தோளை உள்ளே சரித்து, வட்டத்தை முட்டை வடிவமாக்கிவிடும். இதைச் சரிசெய்வதற்காக, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சொந்தக் குதிரையை அழைத்து வந்து பயில இடம் கொடுக்கும் ஒரு சவாரிப் பயிற்சி நிலையத்தில் ஆறு தனி வகுப்புகளும் ஒரு குழு வகுப்பும் எடுத்துக்கொண்டோம். நிறையோடு குறைகளையும் எழுதவிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் நாள் குதிரையை இழுவை வண்டியிலிருந்து இறக்கியதும் பயிற்சியாளர் மகளை ஏறச் சொல்லவில்லை. பல் மருத்துவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டார். முதுகெலும்பின் இருபுறமும் விரல்களால் அழுத்திப் பார்த்தார். பிறகு சேணத்தின் முன்பகுதிக்கடியில் கையை நுழைத்தார். வலப்பக்கம் கை எளிதாக நுழைந்தது, இடப்பக்கம் சிக்கியது. கோடைப் புல்லில் மேய்ந்து உடம்பு அகன்றுவிட்ட குதிரைக்குப் போன வருடத்துச் சேணத்தையே நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். சேணம் பொருத்துபவரை வரவழைத்துச் சரிசெய்த பிறகுதான் வட்டம் போடும் வேலை தொடங்கும் என்று சொல்லி, அன்றைய மிச்ச நேரத்தைத் தரையில் நின்றபடியே கற்பித்தார். கட்டணம் வீணாயிற்றே என்று அப்போது எனக்கு மனத்தாங்கல்தான். வலியால் வரும் விறைப்பைப் பயிற்சியால் போக்க முடியாது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

அடுத்த வகுப்பிலும் அவர் நேராக வளைவுக்குப் போகவில்லை. ஜெர்மானியப் பயிற்சி முறையின் ஆறு படிகளில் முதலில் வருவது நடையின் சீரான தாளம், இரண்டாவதுதான் நெகிழ்வு. தாளம் தவறும் குதிரையிடம் நெகிழ்வைக் கேட்பது வீண் என்றார். ஆகவே, 20க்கு 40 மீட்டர் மைதானத்தில், டிராட் எனப்படும் மிதமான ஓட்ட நடையில் சேணத்திலிருந்து எழுந்து அமரும் ஒவ்வொரு முறையும் மகள் 'ஒன்று, இரண்டு' என்று உரக்க எண்ணினாள். அதுவும் தமிழில், பயிற்சியாளர் அதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தாளம் நிலைத்த பிறகு வலப்பக்க வட்டத்தில் இத்தனை காலம் நாங்கள் செய்துவந்த தவறு தெளிவாகத் தெரிந்தது. குதிரை வெளியே பார்க்கிறதே என்று மகள் வலப்பக்க லகானைப் பிடித்து இழுப்பாள். கழுத்து மட்டும் உள்ளே வரும், உடம்பு பலகையாகவே இருக்கும். இழுப்பதை விட்டுவிட்டு, வலக்காலால் வயிற்றுவாரின் அருகே அழுத்திக் குதிரையை வெளிப்பக்கமாகத் தள்ளவும், அப்படி வரும் அசைவை இடப்பக்க லகானில் மென்மையாக வாங்கிக்கொள்ளவும் அவர் சொன்னார். 20 மீட்டர் வட்டத்தைப் படிப்படியாக 12 மீட்டராகச் சுருக்கி, மீண்டும் கால் அழுத்தத்தால் மட்டுமே அகலவிடும் பயிற்சியை இரண்டு வகுப்புகள் முழுவதும் செய்தார்கள்.

நான்காவது வகுப்பில் அவர் குதிரைக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "பள்ளிப் பையை எந்தத் தோளில் மாட்டுவாய்?" என்று மகளிடம் கேட்டார். இடத்தோளில் என்றாள். அந்தப் பக்கமே சாய்ந்து உட்கார்ந்து, இடப்பக்க அங்கவடியை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். விறைப்பில் பாதி குதிரையினுடையதல்ல, எங்கள் வீட்டுப் பிள்ளையினுடையது. தரையிலிருந்து பார்க்கும் இந்தக் கண்ணுக்காகத்தான் நான் பணம் கொடுக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன். வாரத்திற்கு மூன்று நாள் வேலியருகே நின்று பார்த்த எனக்கு அது தென்படவே இல்லை.

தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டும் பயிற்சியும் பயனுள்ளதாக இருந்தது. பெரிய குதிரைகளுக்காக 1.3 மீட்டர் இடைவெளியில் கிடந்தவற்றை அவர் காலாலேயே உருட்டி, மிளகின் அடிக்கேற்ப ஏறக்குறைய 1.1 மீட்டராக மாற்றினார். மூன்றாம் சுற்றில் மிளகு கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, மூக்கால் நீளமாக ஊதிற்று. உடம்பின் இறுக்கம் தளர்ந்ததற்கு அடையாளமாக, வால் இரு பக்கமும் ஒரே அளவில் ஆடத் தொடங்கியது.

குழு வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே மைதானத்தில் ஆறு குதிரைகள் வரிசையாகச் சென்றபோது வட்டத்தைச் சுருக்கவோ அகலவிடவோ இடமில்லை. முன்னால் போன குதிரையின் வாலைப் பார்த்தே 45 நிமிடங்களும் கழிந்தன. மழை பெய்தால் மைதானத்தின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்குகிறது. இழுவை வண்டியோடு வருபவர்கள் திரும்புவதற்கு முற்றத்தில் இடம் போதாது. நான் இரண்டு முறை பின்னோக்கி ஓட்டி வேர்த்து விறுவிறுத்துப்போனேன். வகுப்பை ரத்துசெய்ய 24 மணி நேரத்திற்கு முன்பே சொல்ல வேண்டும் என்ற விதியும் உண்டு. லாடம் கழன்ற காலையில் அதனால் முழுக் கட்டணத்தையும் இழந்தேன். அன்று அவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம்.

ஆறு வகுப்புகளின் முடிவில், டிராட் நடையில் வலப்பக்க வட்டம் வட்டமாகவே இருக்கிறது. அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தில் மிளகு இன்னும் பழைய பிடிவாதத்தைக் காட்டுகிறது. அதை அவசரப்படுத்த வேண்டாம் என்றும், அதுவரை தினமும் சவாரிக்குப் பின் கேரட்டைக் காட்டி இரு பக்க விலாவரையிலும் கழுத்தை மெல்லத் திருப்பச் செய்தால் போதும் என்றும் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரத்திற்கு ஒரு தனி வகுப்பு என்ற கணக்கில் மேலும் ஆறு வகுப்புகளுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். மகள் இப்போது பள்ளிப் பையை இரு தோளிலும் மாட்டிக்கொண்டு போகிறாள்.