ஷார்ட்கட்டை எங்கே தேடுவது: வீடியோவிலா, பக்கத்து சீட் அண்ணனிடமா, மெனுவிலா?

மதுரை ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி மனு அடித்துத் தரும் கடைகளுக்குத் திங்கட்கிழமை காலைதான் உச்சம். குறைதீர் நாள் என்பதால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்துவிடுவார்கள். அந்த நெருக்கடியில் கை ஒவ்வொரு தடவையும் மவுசுக்குப் போய்த் திரும்புவது பெரிய நஷ்டம். ஷார்ட்கட், அதாவது மவுசைத் தொடாமல் விசைகளை அழுத்தியே கட்டளை கொடுக்கும் வழி, தெரிந்தால் சீக்கிரம் முடிக்கலாம், சரி. அதை எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

இப்போது பலரும் முதலில் போவது வீடியோவுக்கு. என் கணக்கில் அதற்குக் கடைசி இடம்தான். பத்து நிமிடம் பார்த்தால் வேலைக்கு ஆகிற விசை ஒன்றிரண்டு தேறும். 'காட் மோட்' என்று ஆரவாரமாகக் காட்டுவார்களே, ஒரு ஃபோல்டருக்கு நீளமான குறியீட்டுப் பெயர் வைத்தால் திறக்கும் ரகசியம், அது கன்ட்ரோல் பேனலில் ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளை ஒரே பட்டியலாக அடுக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மனு அடிக்கிறவருக்கு அதனால் ஒரு நொடிகூட மிச்சமாகாது.

பக்கத்து சீட்டில் பல வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அண்ணன் வீடியோவைவிட எவ்வளவோ மேல். "எப்படிண்ணே இவ்வளவு வேகமா முடிக்கிறீங்க?" என்று கேட்டால் விசையோடு சேர்த்து வேலையின் வரிசையையும் சொல்லிக்கொடுப்பார். முதலில் ஸ்டைலை அமைத்துக்கொண்டு அப்புறம் பெயர்களை ஓட்டுவது போன்ற பழக்கம் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. ஆனால் அவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் அவர் புழங்கும் மென்பொருளோடு நின்றுவிடும். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதில் பழகிய கை, அதே வேலைக்கு இப்போது புழங்கும் இன்டிசைனில் தடுமாறும். இன்டிசைனின் எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்ற இடத்தைத் திறந்தால், பேஜ்மேக்கர் 7.0இன் விசைத் தொகுப்பே அங்கே தயாராக இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய விரல் பழக்கத்தைப் பெரும்பாலும் அப்படியே கொண்டுவரலாம். அண்ணனுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இது.

என் ஓட்டு மென்பொருளுக்கே. மெனுவைத் திறந்தால் பல கட்டளைகளுக்கு எதிரே, வலது ஓரத்தில், அதன் விசை எழுதியிருக்கும். எம்எஸ் ஆபீஸில் 2007இலிருந்து மெனுவுக்குப் பதிலாக ரிப்பன் என்ற பட்டன் வரிசை வந்துவிட்டதே என்றால், ஆல்ட் விசையை ஒரு தடவை தட்டிவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பட்டன் மேலும் ஓர் எழுத்து முளைக்கும். எக்ஸெலில் ஆல்ட், ஹெச், வி, எஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் பேஸ்ட் ஸ்பெஷல் வரும். மனப்பாடமே வேண்டாம், திரையைப் பார்த்துக்கொண்டே போகலாம். சில நாளில் விரல் பழகிவிடும். 2003 காலத்து ஆல்ட், இ, எஸ் வரிசைகூட புதிய எக்ஸெலில் வேலை செய்கிறது.

வேர்டில் இன்னும் ஆழமாகப் போகலாம். ஆல்ட்டும் எஃப்8உம் சேர்த்து அழுத்தி, மேக்ரோ பெயர் கேட்கும் இடத்தில் லிஸ்ட்கமாண்ட்ஸ் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து ரன் கொடுங்கள். உங்கள் வேர்டில் இருக்கும் விசைகளை எல்லாம் அதுவே ஒரு அட்டவணையாகப் போட்டுத் தரும். வெளியில் கிடைக்கும் எந்தப் பட்டியலும் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் இது உங்கள் கணினியில் உள்ளபடி இருக்கும். வேர்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஆல்ட்டும் எக்ஸும். பூஜ்யம், பி, எஃப், 5 என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்துவிட்டு அதை அழுத்தினால் வருடக் குறியான ௵ வந்து நிற்கும். கடைசி எண்ணை 4 ஆக்கினால் மாதக் குறி ௴, 3 ஆக்கினால் நாள் குறி ௳. பழைய முறையில் பத்திரிகை கேட்கிறவர்களுக்கு இது எவ்வளவு உதவி!

மெனு கைவிடும் இடமும் உண்டு. விண்டோஸுக்கே உரிய விசைகள் எந்த மெனுவிலும் கண்ணில் படாது. அதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் விசைப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். நீளமாக, சலிப்பாக இருக்கும். ஆனால் விண்டோஸ் விசையும் வியும் என்ற ஒன்றுக்காகவே அதைப் பொறுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10இல் 2018 அக்டோபர் அப்டேட்டில் வந்த வசதி இது. முதல் தடவை அழுத்தும்போது டர்ன் ஆன் கொடுத்துவிட்டால், அதன் பிறகு காப்பி செய்பவற்றில் கடைசி 25ஐ வைத்திருக்கும். மனுதாரர் பெயர், ஊர், சர்வே நம்பர் மூன்றையும் ஒரு தடவை காப்பி செய்தால் போதும், அடுத்தடுத்த மனுவில் எடுத்து எடுத்துப் போடலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஆதார் எண்ணைக் காப்பி செய்திருந்தால் அதுவும் அங்கேயே கிடக்கும், அடுத்து உட்காருகிறவர் பார்க்கலாம். மனுதாரர் கிளம்பியதும் அதே பெட்டியில் கிளியர் ஆல் கொடுத்துவிடுங்கள். 'பின்' (Pin) கொடுத்து நிலையாக வைத்தவை மட்டும் அதில் அழியாது, கணினியை ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. அதனால் 'பெறுநர், மாவட்ட ஆட்சியர் அவர்கள்' என்பது மாதிரி எல்லா மனுவுக்கும் பொதுவான வரிகளுக்கு மட்டும் 'பின்' கொடுங்கள்.