பூட்ஸ் வாய் பிளந்தால் எங்கே கொடுப்பது: மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நடைபாதைத் தையல்

ஒரே கால்பந்து டீமில் பத்து வருஷம் ஆடும் ஸ்ட்ரைக்கர் (கோல் போடும் முன்வரிசை ஆள்) இந்தப் பக்கம் குறைவு. லீக்கில் ஒரு டீம், பொங்கல் செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி) இன்னொரு டீம், நடுவில் கெஸ்ட் பிளேயராகத் திண்டுக்கல், தேனி, சிவகங்கை. கூப்பிடுகிற டீம் ஜெர்சி கொடுத்துவிடும். பூட்ஸ் சொந்தக் காசு. இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ரிக்கி லாம்பர்ட்டும் பிளாக்பூல், மேக்கிள்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று கீழ் டிவிஷன்களில் வருஷக்கணக்கில் ஓடியவர்தான். 2009-இல் சவுத்தாம்ப்டனுக்குப் போய், 2013 ஆகஸ்டில் 31 வயதில் இங்கிலாந்துக்காக முதன்முறை இறங்கி, முதல் தொடுதலிலேயே ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கோல் போட்டார். ஆனால் அவர் ஓடியது ஈரப் புல்லில். நம்ம ஊர் மண் பூட்ஸைத் தின்றுவிடும்.

கடையில் தொங்கும் கூர் ஸ்டட் (அடியில் துருத்தி நிற்கும் குமிழ்) பூட்ஸ் மெத்தென்ற புல்லுக்குச் செய்தது. ஸ்டட் தரைக்குள் இறங்கினால்தான் சோல் சமமாக உட்காரும். சித்திரை வெயிலில் காய்ந்த செம்மண்ணில் அது இறங்காது. முன்பாதத்து நாலைந்து ஸ்டட்டில் உடம்பு எடை முழுக்க நிற்கும், விரல் மடங்கும் இடத்தில் சோல் வளைந்து வளைந்து ஒட்டு விடும். ஷூட் அடிக்கிற காலில் பெருவிரல் நுனி தரையை உரசித் திறக்கும். ஊன்றுகிற காலில் சுண்டுவிரல் பக்கம் பிளக்கும். எந்தக் காலால் அடிக்கிறவர் என்று இதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்தப் பிளவுக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டை ஒட்டி நடைபாதையில் உட்கார்ந்து செருப்பு தைக்கும் ஒரு பெரியவரைத் தாராளமாக நம்பலாம். வெறும் பசை தடவிக் கொடுத்து அனுப்புகிறவர் இல்லை. முதலில் இன்சோலை உருவி வெளியே வைக்கிறார். பல இடங்களில் அதையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். பிறகு கழற்றிக் காயவைக்கவே முடியாது, உள்ளே நாற்றமும் பூஞ்சையும்தான். அடுத்து பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கிறார். இரண்டு பக்கமும் பசை பூசி, விரல் வைத்தால் பிசுபிசுக்கிற அளவுக்குக் காயவிட்டு, அப்புறம்தான் அழுத்திச் சுத்தியலால் தட்டுகிறார். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் ஒரு மேட்சுக்குக்கூடத் தாங்காது.

தையல்தான் இங்கே விசேஷம். சோல் ஓரத்தில் கத்தியால் மெல்லிய காடி (நீளப் பள்ளம்) வெட்டி, மெழுகு தேய்த்த நைலான் நூலை அதற்குள் புதைக்கிறார். நூல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் நாலு மேட்சில் மண் அறுத்துவிடும்; பெருவிரல் பக்கம் பந்தைத் தட்டும்போதும் இடறும். துளைக்குத் துளை ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் விடுகிறார். அதைவிட நெருக்கிக் குத்தினால், தபால் தலை கிழிவது மாதிரி கெட்டி பிளாஸ்டிக் சோல் துளை வரிசையிலேயே கிழியும். முடிச்சைக் குழிப்பாதத்துப் பக்கம் போடுகிறார். சுண்டுவிரல் பக்கம் முடிச்சு வந்தால் அரை மணி நேரத்தில் கொப்புளம்.

எல்லாப் பூட்ஸையும் தைக்கவும் மாட்டார். எடை குறைந்த மெல்லிய சோல் வகையில் ஓரம் மேலே ஏறி வராது. நூல் அடிவழியாகத்தான் போக வேண்டும். “இதுல தையல் நிக்காது தம்பி, ஒட்டு மட்டும் போட்டுத் தர்றேன், அதுக்கு மேல காசு வேணாம்” என்று சொல்லிவிடுகிறார். இந்த நேர்மைக்கே போகலாம். சோலே குறுக்கே விரிந்திருந்தால் கையிலேயே வாங்குவதில்லை.

குறையும் உண்டு. கூட்டம் இருந்தால் காடி வெட்டாமல் மேலாகத் தைத்துவிடுவார். “அண்ணே, நூல் உள்ள போகட்டும்” என்று கொடுக்கும்போதே சொல்லுங்கள். ஸ்டட் தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தால் அதற்கு இங்கே வழி இல்லை. நுனி மட்டும் தைக்க 80 ரூபாய், சுற்றிலும் என்றால் ஜோடிக்கு 150. சுற்றிலும் தைப்பதே லாபம்: ஒரு பக்கம் இறுகினால் பாரம் அடுத்த பக்கம் போய் அங்கே திறக்கும். புது பூட்ஸாக இருந்தாலும் ஆடுவதற்கு முன்பே தைத்துவிடுங்கள். பிளந்தபின் உள்ளே போன மண்ணை முழுசாக எடுப்பது கஷ்டம்.

தைத்த பூட்ஸை வாளித் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலும் வண்டிப் பெட்டியின் சூடும் பசையை இளக்கிவிடும். ஒட்டு முழுசாகப் பிடிக்க ஒரு நாள் வேண்டும். ஞாயிறு காலை மேட்ச் என்றால் வியாழக்கிழமையே கொடுத்துவிடுங்கள். சனி சாயங்காலம் போனால் உங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பைகளின் ஜிப் வரிசையாகக் காத்திருக்கும்.