பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டியது, நெட்டில் நம்பர் தேடினேன், 6,498 ரூபாய் போனது

போன டிசம்பரில் நடந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நான் கம்ப்யூட்டர் தெரியாத ஆள் இல்லை. அலுவலகத்தில் நாள் முழுக்க எக்செல்லோடு மல்லுக்கட்டுகிறவன், ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவுக்குப் பாடம் எடுக்கிறவன். ஆனாலும் மாட்டினேன்.

மனைவி வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அரையாண்டுத் தேர்வு நெருக்கத்தில் தினமும் முப்பது நாற்பது வினாத்தாள் அடிக்க வேண்டும். அதற்காகவே வாங்கியதுதான் இந்த இங்க் டேங்க் பிரிண்டர், இரண்டு வரி மட்டும் தெரிகிற சின்னத் திரையோடு. அந்த வாரம் பார்த்து இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம். புது ரூட்டர் வந்தது, போன், டிவி, லேப்டாப் எல்லாம் புதுப் பாஸ்வேர்டு போட்டதும் வேலை செய்தன. பிரிண்டர் மட்டும் 'ஆஃப்லைன்' என்றே நின்றது. அணைத்துப் போட்டேன், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன், அப்படியேதான். "ஏங்க, நாளைக்கு டெஸ்ட் இருக்கு, ஜெராக்ஸ் கடைக்குப் போயிடட்டுமா?" என்று அவள் கேட்டபோதே சரி என்று சொல்லியிருக்கலாம். வீம்புக்கு, பத்து நிமிடம் கொடு என்றேன்.

பிரிண்டரின் மாடல் பெயரோடு 'வைஃபை செட்டப்' என்று சேர்த்துத் தேடினேன். முதலில் வந்த இணைப்பின் மேல் சின்னதாக 'ஸ்பான்சர்டு' என்று இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. உள்ளே போனால் கம்பெனியின் நிறம், அதே மாதிரி எழுத்து, பிரிண்டர் படம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. மாடல் நம்பரைப் போடச் சொன்னது. போட்டதும் 'உங்கள் டிரைவர் கிடைத்தது' (கணினியைப் பிரிண்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) என்று பச்சைக் குறி. பதிவிறக்கப் பட்டை ஓடி 80 சதவீதத்தில் நின்று, சிவப்பாக ஒரு பிழைச் செய்தி, கீழே 'உடனே அழைக்கவும்' என்று ஒரு இலவச எண். (பிற்பாடு என் தங்கை மகன் அதே பக்கத்தில் மாடல் நம்பருக்குப் பதிலாக 'இட்லி123' என்று அடித்துப் பார்த்தான். அதற்கும் டிரைவர் கிடைத்தது. அதுவும் 80 சதவீதத்தில் நின்றது.)

அழைத்தேன். எடுத்தவர் நல்ல தமிழ் பேசினார், அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. "ரூட்டர் மாத்தினீங்களா சார்?" என்று அவராகவே கேட்டார், அதில் மீதிப் பாதியும் வந்துவிட்டது. இப்போது யோசித்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டுப் பிரிண்டர் திடீரென்று ஆஃப்லைன் ஆனது என்று ஒருவர் அழைத்தால் அநேகமாக ரூட்டரோ பாஸ்வேர்டோதான் மாறியிருக்கும். கிளி ஜோசியக்காரர் "மனசுல ஒரு கவலை இருக்கு" என்று சொல்வது மாதிரிதான் இது.

அடுத்தது, தூரத்திலிருந்து நம் திரையைப் பார்க்கவும் மவுஸை ஆட்டவும் உதவும் ஒரு செயலியை லேப்டாப்பில் போடச் சொன்னார். அந்தச் செயலியில் குற்றமில்லை, எங்கள் ஆபீஸ் ஐடி ஆட்களும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் எனக்கு உறுத்தவில்லை. உள்ளே வந்ததும் விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, "எலிஃபன்ட் ஈ, விக்டர் வி" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறக்க வைத்தார். அதில் வரிசையாகச் சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் பிழைகள். "பாத்தீங்களா சார், இவ்வளவு கரப்ஷன் இருக்கு, அப்புறம் பிரிண்டர் எப்படி வேலை செய்யும்?" என்றார். எந்த விண்டோஸ் கணினியில் திறந்தாலும், நேற்று வாங்கியதாக இருந்தாலும், அந்தப் பட்டியலில் பிழைகளும் எச்சரிக்கைகளும் இருக்கும். விண்டோஸின் பின்னணிச் சேவை ஒன்று தொடங்கத் தாமதமானால்கூட அங்கே ஒரு வரி விழும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

அதற்கப்புறம் செய்ததுதான் உச்சம். கறுப்புத் திரையைத் திறந்து, கணினியின் நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் என்று ஒரு கட்டளை கொடுத்தார். அதில் ஒரு நெடுவரிசையின் தலைப்பு 'ஃபாரின் அட்ரஸ்'. "ஃபாரின்ல இருந்து இத்தனை பேரு உங்க நெட்வொர்க்குல கனெக்ட் ஆகியிருக்காங்க சார், நெட்பேங்கிங் யூஸ் பண்றீங்களா?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த இடத்தில் 'ஃபாரின்' என்பதற்கு வெளிநாடு என்று அர்த்தமே கிடையாது, இணைப்பின் மறுமுனை என்றுதான் பொருள். பிரவுசரில் ஒரு செய்தித்தாள் பக்கம் திறந்திருந்தாலே அங்கே நாலைந்து வரி வரும். அந்த வரிகளில் ஒன்று, நான் கூப்பிட்டு உட்கார வைத்த இவருடைய இணைப்பாகவே இருந்திருக்கும்.

1,999 ரூபாய், மூன்று வருட 'நெட்வொர்க் லைசென்ஸ்'. யுபிஐயில் அனுப்பினேன். அவர் ஒரு நோட்பேடைத் திறந்து 'நெட்வொர்க் செக்யூரிட்டி ஆக்டிவேட்டட்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து டெஸ்க்டாப்பில் சேமித்தார். சேவை என்று நான் பெற்றது அது ஒன்றுதான். பிரிண்டர்? "சர்வர்ல சிங்க் ஆக 24 மணி நேரம் ஆகும் சார்." மறுநாள் அவர்களே அழைத்தார்கள்: ரூட்டருக்குத் தனி லைசென்ஸ் இல்லாததால் சிங்க் ஆகவில்லை, 4,499. கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. 1,999 வீணாகிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான் மேலே 4,499-ஐ இழுத்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் வந்தான், பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். விஷயத்தைக் கேட்டுவிட்டு லேப்டாப் பக்கமே போகவில்லை. "மாமா, பிரிண்டர் கிட்டயே கேப்போம்" என்று அதன் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் நிலை அறிக்கையை அச்சிடச் சொன்னான். ஒரு தாள் வந்தது. அதில் வைஃபை பெயர் என்ற இடத்தில் எங்கள் பழைய ரூட்டரின் பெயர். ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்கான எண், 169.254 என்று தொடங்கியது. இந்த எண்ணைப் பார்த்தாலே, ரூட்டர் தனக்கு முகவரி தராததால் பிரிண்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தமாம். அலமாரிக்குள் தூங்கும் பழைய ரூட்டரைத்தான் அது மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. வைரஸும் இல்லை, ஃபாரினும் இல்லை.

இந்தத் தாளை எடுக்கும் வழி வைஃபை உள்ள வீட்டுப் பிரிண்டர்களில் அநேகமாக எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். திரை உள்ளதில் மெனு, திரை இல்லாததில் வைஃபை குறி அல்லது 'ஐ' குறி போட்ட பொத்தான். சிலவற்றில் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும், சிலவற்றில் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பெட்டியோடு வந்த கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். நாங்கள் அந்தக் கையேட்டைத் துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் போட்டு வைத்திருந்தோம்.

அப்புறம் வைஃபை செட்டப் என்பதைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்து வீட்டுப் பெயர்களோடு எங்கள் பெயரும் வந்தது. புது ரூட்டர் இரண்டு பெயரில் ஒலிபரப்புகிறது, ஒன்று 2.4, இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பிரிண்டரின் பட்டியலில் முதலாவது மட்டும்தான் இருந்தது, ஏனென்றால் இந்த மாதிரிப் பல வீட்டுப் பிரிண்டர்களுக்கு 5 தெரியாது. அம்புக்குறிப் பொத்தானால் ஒவ்வொரு எழுத்தாகப் பாஸ்வேர்டைப் போடுவதுதான் பெரிய பாடு, பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது முயற்சியில் இணைந்தது. மறுபடி அந்தத் தாளை எடுத்தோம், இப்போது 192.168.29 என்று தொடங்கும் முகவரி.

லேப்டாப்பில் இன்னும் ஆஃப்லைன்தான். இங்கேதான் நான் முதல் நாளே தடுக்கி விழுந்திருப்பேன். பழைய ரூட்டர் கொடுத்த முகவரி 192.168.1 வரிசையில் இருந்தது, லேப்டாப் அந்தப் பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் செட்டிங்ஸில் பிரிண்டரை நீக்கிவிட்டு, கைமுறையாகச் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்து, தாளில் இருந்த புது ஐபியைக் கொடுத்தான். சோதனைப் பக்கம் வந்து விழுந்தது. எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம், அதில் ஐந்து நிமிடம் அந்தப் பாஸ்வேர்டுக்கு.

அதே ஐபியை பிரவுசரின் முகவரிப் பட்டையில் போட்டால் பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு வலைப்பக்கம் திறக்கிறது, நெட்வொர்க் அமைப்பு மொத்தமும் அங்கே இருக்கிறது. நுழையும்போது 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் மிரட்டும். தாளில் இருந்த அதே முகவரிதானா என்று பார்த்துக்கொண்டு போகலாம், பிரிண்டர் தன் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வதால் வருவது அது. முகவரி மறுபடி மாறாமலிருக்க அவன் பிரிண்டரில் எதையும் தொடவில்லை, ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ஒதுக்கி வைத்தான். பிரிண்டரில் நாமாக ஒரு எண்ணை எழுதி வைத்தால் அதே எண்ணை ரூட்டர் வேறொரு போனுக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு, அடுத்த முறை ரூட்டர் மாற்றும்போதும் சிக்கல். இன்னொன்றும் சொன்னான், முதலிலேயே தெரிந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது: புது ரூட்டரின் 2.4 வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துவிட்டால், பாதுகாப்பு முறையும் பழையதே என்றால், பிரிண்டர் பெரும்பாலும் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பணம் விஷயம். ஞாயிறு மதியம்தான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தேன், முதல் பணம் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. தொகை, நேரம், யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். 1930-இல் சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. நான் பிரிண்டர் சிங்க் ஆகும் என்று காத்துக்கொண்டிருந்தேன். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்திலும் பதிவு செய்து புகார் எண் வாங்கினேன். வங்கியில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இதுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை.

லேப்டாப்பில் அந்தச் செயலியை நீக்கப் போனபோது, யாரும் அனுமதி தராமலே உள்ளே வருவதற்கு ஒரு பாஸ்வேர்டை அவர்கள் அமைத்து வைத்திருந்தது தெரிந்தது. அதாவது, மூன்று நாளும் எந்த நேரமும் வந்திருக்கலாம். இணைப்பைத் துண்டித்துவிட்டு, தங்கை மகனின் போனிலிருந்து மெயில், நெட்பேங்கிங் பாஸ்வேர்டுகளை மாற்றினோம். பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளையும் ஒவ்வொன்றாக மாற்றினேன், அதற்கு ஒரு ராத்திரி போனது. லேப்டாப்பில் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டோம்.

கஸ்டமர் கேர் எண் வேண்டுமென்றால் வாரண்டி அட்டையிலோ பெட்டியிலோ பாருங்கள், தேடலில் மேலே வருவதை அழுத்தாதீர்கள். எண் சரியானதாகவே இருந்தாலும், வைஃபை இணைக்க 'லைசென்ஸ்' என்று ஒருவர் வாயைத் திறந்தால் போனை வையுங்கள், அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது.

அந்த நிலை அறிக்கையை மனைவி பிரிண்டரின் மூடிக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். ஓரத்தில் சிவப்பு மையில் 6,498 என்று எழுதி, விடைத்தாளில் போடுவது போல ஒரு வட்டமும் போட்டிருக்கிறாள். போன வாரம் மறுபடி ஒரு அழைப்பு, இந்த முறை 'ரீஃபண்ட் டிபார்ட்மென்ட்'. பணத்தைத் திருப்பித் தருவார்களாம், அதே செயலியைத் திறந்து அது காட்டும் ஒன்பது இலக்க எண்ணைச் சொன்னால் போதுமாம்.