மூலனூர்ப் பக்கம் கொறங்காடு குத்தகைக்குத் தேடுறவங்க கவனத்துக்கு

மழை பெய்து புல் எழுந்ததும் தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் காடு தேடி அலைகிற ஆட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏமாந்த கதைதான். வெட்கத்தில் மூன்று மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் இன்னொருவரும் அதே தரகரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு நிற்கிறார் என்று கேள்விப்பட்டதும் சும்மா இருக்க முடியவில்லை.

என்னிடம் மேச்சேரிச் செம்மறி 40 உருப்படி. சொந்தக் காடு ரெண்டு ஏக்கர்தான். நல்ல மழை வருசத்தில் ஏக்கருக்கு நாலு உருப்படி என்பது எங்கப்பா கணக்கு. அதனால் வருசா வருசம் குத்தகைதான். கொறங்காடு தெரியாதவர்களுக்கு: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள். கடவை, அதாவது வேலி வாசலைச் சாத்திவிட்டால் கூடவே ஆள் நின்று மேய்க்க வேண்டாம். புல் தீர்ந்த கோடையில் வேலங்காய் உதிரும். ஆடுகள் அதைப் பொறுக்கித் தின்றே நாளை ஓட்டிவிடும்.

தரகர் காட்டிய காடு 10 ஏக்கர். புல் முழங்கால் உயரம், கதிர் வாங்கி நின்றது. நான் வேலியைத்தான் முதலில் சுற்றிப் பார்த்தேன். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து குதறியதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்ததும் நமக்கெல்லாம் தெரியுமே. இந்த வேலியில் ஒரு சந்து இல்லை. நெருக்கமாகப் பின்னிக் கிடந்தது.

வடக்கு மூலையில் ஒரு வேல மரத்தடியில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. குச்சியால் நசுக்கிப் பார்த்தேன். உள்ளே பச்சை, ஈரம். அன்றைக்கோ முந்தின நாளோ போட்டது. கேட்டேன்.

"பக்கத்துக் காட்டு ஆடு தாண்டி வந்திருக்குமுங்க" என்றார் தரகர்.

சந்தே இல்லாத வேலி என்று அப்போதுதான் மெச்சியிருந்தேன். அதைத் தாண்டி எந்த ஆடு வரும்? அந்தக் கேள்வி எனக்கு அங்கே உதிக்கவில்லை. கண்ணை மறைத்தது புல்.

ஏக்கர் 3,500 வீதம் 35,000 ரூபாய், மொத்தமும் முன்பணம். தரகுக் கூலி தனி. 11 மாதம் என்று பத்திரத்தில் எழுதி, காட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அதே பஸ்ஸில் போய்விட்டார்.

ஆட்டை விட்டு எட்டாம் நாள் காலையில் கடவுக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி. ஒரு பெரியவர், கூட 50 ஆடு. அவர் கையிலும் பத்திரம். அதே 10 ஏக்கர், அதே சர்வே எண், அதே தரகர். கையெழுத்து மட்டும் வேறு. எனக்குப் போட்டவர் தம்பி, அவருக்குப் போட்டவர் அண்ணன். நான் பார்த்த புழுக்கை அந்தப் பெரியவர் முன்னோட்டமாகக் கொண்டுவந்து விட்டுப் பார்த்த நாலு ஆடு போட்டது.

அங்கேயே நின்று போனில் பட்டாவைத் திறந்தோம். கூட்டுப் பட்டா, மூன்று பேர் பெயர். பாகம் பிரிக்கவில்லை. அண்ணனைக் கேட்டால் "என் பங்கத்தான் உட்டேன்" என்கிறார். தம்பியும் அதையேதான் சொல்கிறார். வேலிக்குள் யார் பங்கு எது என்று ஆட்டுக்கு யார் சொல்வது? மூன்றாவது ஆள் அவர்களுடைய அக்கா. அவருக்கு இந்தக் குத்தகையே தெரியாது. ஸ்டேஷனில் "சிவில் மேட்டருங்க, பேசித் தீத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

பெரியவரோடு சண்டை போட மனசு வரவில்லை. அவரும் ஏமாந்தவர். ரெண்டு மந்தையும் சேர்ந்து 90 உருப்படி மேய்ந்ததில் ஒரு மாதத்தில் காடு மொட்டை. தம்பியிடம் நடையாய் நடந்து 12,000 வாங்கினேன். ஆறு தாயாட்டைக் கன்னிவாடிச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளினேன். அதில் ரெண்டு சினை.

அரசின் இ-சேவை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் பட்டா, சிட்டா காசில்லாமல் வரும். அதில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேரிடமும் பேசுங்கள், முடிந்தால் கையெழுத்து வாங்குங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன் என்று தைரியமாக இருக்காதீர்கள். ஒரு வருசத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் நாமெல்லாம் 11 மாதம் என்று எழுதி முடித்துக்கொள்கிறோம். பதியாத குத்தகை வில்லங்கத்தில் ஏறாது. காட்டை வேறு யாருக்காவது விட்டிருக்கிறார்களா என்பது பக்கத்துக் காட்டுக்காரருக்கும் போன வருசம் அங்கே மேய்த்தவருக்கும்தான் தெரியும். நான் அந்த ரெண்டு பேரையும் பார்க்கவில்லை. பக்கத்துக் காட்டு ஆத்தா பிறகு சொன்னார்: "நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீனா சொல்லியிருப்பனே சாமி, அண்ணந்தம்பி ரெண்டு பேரும் பேசியே வருசக்கணக்காச்சு."

வேலங்காய் யாருக்கு என்பதையும் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என் பத்திரத்தில் மேய்ச்சல் என்று மட்டும்தான் இருக்கிறது. காயைத் தனியாக வேறொருவருக்குப் பேசிவிட்டதாக இப்போது சொல்கிறார்கள். அதற்கும் தரகர் அவரேதான்.